முதல் கேள்வி

அவளுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் சூட்டு உருளைக்கு முன்னால் நின்று ஈரத் துணியை நீட்டிக் கொடுப்பது. அதற்குச் சம்பளம் உண்டு. இன்னொன்று, சனிக்கிழமைதோறும் சாயங்காலம் பொதுச் சொற்பொழிவுக் கூடத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்பது. அதற்குச் சம்பளம் கிடையாது. கட்டிக்கொண்ட பாவத்தோடு சேர்த்தி.

கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். "கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்பார் செயலாளர். அவ்வளவுதான், கூடமே ஊமையாகிவிடும். ஒருவர் தன் செருப்பைப் பார்ப்பார். ஒருவர் மின்விசிறியை எண்ணுவார், ஏதோ நேற்று இல்லாத விசிறி இன்று முளைத்த மாதிரி. பேச்சாளர் மேடையில் அசட்டுச் சிரிப்போடு நிற்பார். இதே கூட்டத்தில் ஒரே ஒருத்தர் வாயைத் திறந்துவிட்டால் போதும், அப்புறம் ஆளுக்கு ஆள் மைக்கைப் பிடுங்குவார்கள். முதல் ஆள்தான் பஞ்சம்.

அந்தக் கூடத்தைப் பெருக்கி, நாற்காலி போட்டு, கேள்வி கேட்பவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய் நீட்டுகிறவர் அவள் புருஷன். ஊரில் அவருக்கு மைக்காரர் என்றே பெயர். வேலைக்கு வந்த இரண்டாவது வருஷமே இந்த நோய்க்கு அவர் மருந்து கண்டுபிடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அந்த வாரத் தலைப்பு வரும். இரண்டு நாள் யோசித்து ஒரு கேள்வி தயார் செய்வார். வியாழக்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பார். சனிக்கிழமை அவள் கேட்பாள். அதன்பிறகு மடை திறந்துகொள்ளும்.

பத்தொன்பது வருஷம். எண்ணூறு கேள்விகளுக்கு மேல் கேட்டிருப்பாள். ராஜாவுக்கும் குடியரசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடியானவன் என்ன ஆனான், கோதுமை விலை ஏறினால் பத்திரிகை விலை ஏன் ஏறுகிறது, பழைய நாடகங்களில் ஆம்பளையே ஏன் பொம்பளை வேஷம் கட்டினான் என்று எல்லாம் கேட்டாயிற்று. பதில் மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. விடியற்காலையிலிருந்து நின்ற கால், உட்கார்ந்த உடனே தூக்கத்தை மேலே அனுப்பிவிடும். கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள்.

கூடத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான் குடும்பம். வாடகை கிடையாது. வேலையோடு வந்த வீடு. ஒரே மகள் அங்கேதான் பிறந்து, வளர்ந்து, இப்போது செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள். "எனக்கு யாரு தாலாட்டு பாடினா? சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பணவீக்கம் பாடினார், நான் தூங்கிட்டேன்" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டு பெய்தது. செயலாளர் குடையை மடக்காமலேயே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். கூடத்தை நடத்தும் அறக்கட்டளையைத் தொடங்கிய பெரியவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். இப்போது நிர்வாகம் அவருடைய பேத்தி கைக்கு வந்திருக்கிறது. இந்த இலவசச் சொற்பொழிவு தேவையா, இந்தக் கட்டடம் தேவையா என்று அந்தம்மா யோசிக்கிறாராம். சனிக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு எடுப்பாராம்.

"எல்லாம் அன்னிக்கு நடக்கறதுலதான் இருக்கு" என்றார் செயலாளர். குடையோடு போய்விட்டார்.

மைக்காரர் அன்று சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏங்க, வராம இருந்தவங்க வர்றாங்க. நல்லதுக்குன்னு நினைங்களேன்" என்றாள் அவள்.

"நல்லதுக்கா? வீடு பாக்க வர்றவன் முதல்ல சுவத்தைத் தட்டித்தான் பாப்பான். எதுக்குத் தட்டுறான்? இடிக்கிறதுக்கும் அப்படித்தான் தட்டுவான்."

"அப்பா, முட்டையைச் சாப்பிடுங்க. ஆறிடுச்சு" என்றாள் மகள்.

"முட்டை! போன வருஷம் இந்த முட்டை என்ன விலை தெரியுமா? ஏன் ஏறுச்சு தெரியுமா? மொதல் உலகப் போர் முடிஞ்சப்ப..."

"ஆரம்பிச்சாச்சு. ஒரு முட்டை சாப்பிட ஒரு யுத்தத்தைத் தாண்டணும் இந்த வீட்டுல."

சிரிப்பு வந்தது மூவருக்கும். சிரித்து முடித்ததும் அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மரக் கட்டில், துணிக் கொடி, கூடத்திலிருந்து ஒதுக்கிய மூன்று கால் மேஜை. நாலாவது காலுக்குப் பழைய சொற்பொழிவுத் தொகுப்புகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார். வலது காலைத் தாங்கி நடக்கிற, அறுபதைத் தொடப்போகிற மனுஷருக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? அவள் சம்பளமும் மகள் சம்பளமும் வாடகைக்குப் போனால் வாய்க்கு என்ன? இதை மூவரும் தனித்தனியாக நினைத்தார்கள்.

"கேள்வி நல்லா அமையணும். அதான் முக்கியம்" என்றார் அவர் கடைசியில்.

அந்த வாரத் தலைப்பு உப்பு. உப்பும் வரியும் அரசியலும் என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. கேள்வியை அவர் புதன்கிழமையே தயார் செய்துவிட்டார். "அய்யா, உப்பு மேல வரி போட்டப்ப, மீனைக் காயவச்சு விக்கிறவங்க எல்லாம் என்ன பண்ணாங்க?" சொல்லிவிட்டுத் தாமே ரசித்துக்கொண்டார். "பாரு, இதுல வரலாறு இருக்கு, பொருளாதாரம் இருக்கு, வயித்துப்பாடும் இருக்கு. பேசறவருக்கும் சந்தோஷமா இருக்கும். அந்தம்மா திரும்பிப் பாக்கணும், யாருடா இந்தக் கேள்வியக் கேட்டதுன்னு."

"திரும்பிப் பாத்தா நான்தானே தெரிவேன்?"

"நல்ல சேலையாக் கட்டிக்க."

மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பி, தரையிலும் படுக்க வைத்திருந்தார்கள். சலவைக்கூடத்துக்கு மூட்டை மூட்டையாகப் போர்வை வந்தது. இயந்திரத்தில் வெளுத்துப் பிழிந்த போர்வையை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறி, சுருக்கமில்லாமல் உருளையின் வாயில் கொடுக்கவேண்டும். மறுபக்கம் இரண்டு பேர் அதைக் காய்ந்து சூடாக வாங்கி மடிப்பார்கள். கொடுக்கும்போது கை ஒரு விரற்கடை உள்ளே போனால் தோல் உரிந்துவிடும். அவளுடைய ஜோடி நெட்டை என்று பெயர் வாங்கிய உயரமான பெண். பதினோரு வருஷமாக இருவரும் ஒரே போர்வையின் இரண்டு முனைகள்.

"என்னக்கா, உதடு அசையுது? மந்திரமா?" என்றாள் நெட்டை, இரைச்சலுக்கு மேல்.

"உப்பு."

"குறையுதா, கூடவா?"

"கேள்விடி. இந்த வாரக் கேள்வி."

"இத்தனை வருஷம் கேட்டியே, ஒண்ணுக்காவது பதில் தெரிஞ்சு நமக்கு எதாவது ஆச்சா? அந்த உருளையப் பாரு, அது கேள்வி கேக்குதா? முழுங்குது, துப்புது. நிம்மதியா இருக்கு."

"நீயும் சனிக்கிழமை வா. நாலு பேரக் கூட்டிட்டு வா. கூடம் நிறைஞ்சு தெரியணும்."

"டீ உண்டா?"

"உண்டு."

"பிஸ்கட்டு?"

"உன் வாய்க்கு ஒரு பொட்டலம் தனியா."

"அப்ப உலக வரலாறு பூராவும் கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினால் மைக்காரர் வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. உப்புப் பேச்சாளருக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது. அவருக்குப் பதில், அடுத்த மாதம் வரவேண்டிய பேராசிரியை நாளைக்கே வந்து வாக்குப்பெட்டி வந்த கதையைப் பேசுவார். நோட்டீஸ் மாற்ற நேரமில்லை. கேள்வியை மட்டும் அவர் மாற்றிவிட்டார்.

"சொல்லு பாப்போம். அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவங்க மொதல்முதலா ஓட்டு போட்டப்ப, யாருக்குப் போடறோம்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க?"

அவள் சொன்னாள்.

"இன்னொரு தடவை."

சொன்னாள்.

"உப்பை மறந்துடு."

"மறந்துட்டேங்க. நாக்குல ஒரு கல்லு உப்பு இல்ல. போதுமா?"

சனிக்கிழமை விடியுமுன்பே சலவைக்கூடத்தில் நின்றாள். சாயங்காலம் சீக்கிரம் விடவேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருந்தாள். சரி, ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம் கிடையாது, அன்றைய மூட்டை முடியவேண்டும் என்றார். ரொட்டியை நின்றபடியே கடித்தாள். ஓட்டு, ஓட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போர்வைகளைக் கொடுத்தாள். காய்ச்சல்காரர்கள் புரண்ட போர்வைகள். எத்தனை என்று எண்ணுவதை முந்நூறோடு விட்டுவிட்டாள். நாலரைக்கு உருளை நின்றது. நல்ல சேலைக்கு நேரமில்லை. நீல வேலைச்சட்டையைச் சேலைமேல் போட்டபடியே, நெட்டையையும் இன்னும் ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

கூடம் அன்று அழகாகத்தான் இருந்தது. மைக்காரர் ஜன்னல் கண்ணாடியைக்கூடத் துடைத்திருந்தார். வழக்கமாக வருகிற முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் பேச்சாளர் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்ளும் ஓய்வுபெற்ற தபால்காரர். சுவரோரம் யார் என்ன பேசினாலும் மறுத்துப் பேசும் பழைய வாத்தியார், அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். நடுவில் மெல்லிய கரை போட்ட சேலையில், கையில் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு பேத்தியம்மா. நாற்பது வயசு இருக்கும். பார்க்க நல்ல மாதிரியாகத் தெரிந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் மூன்றாவது வரிசையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி. ஈரச் சட்டையில் காற்றுப் பட்டது. பேராசிரியை எழுந்து, "ஒரு காலத்தில் வாக்கு என்பது கையைத் தூக்குவதாக இருந்தது" என்று தொடங்கியது அவளுக்குக் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கனவில்கூட உருளைதான். உருளையின் வாயிலிருந்து போர்வைக்குப் பதில் வெள்ளை வெளேரென்று உப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. அதை வாரி மாளவில்லை.

"கேள்விகள் இருந்தால் கேட்கலாம்."

மைக்காரர் பக்கத்தில் வந்து இருமினார். நெட்டை இடுப்பில் ஒரு குத்து விட்டாள். அவள் துள்ளி எழுந்தாள். மைக் முகத்துக்கு நேரே இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அய்யா, உப்பு மேல வரி போட்டப்ப, மீனைக் காயவச்சு விக்கிறவங்க எல்லாம் என்ன பண்ணாங்க?"

மேடையில் நின்ற பெண்மணி, அய்யா என்று கூப்பிடப்பட்டவர், திகைத்து நின்றார். அப்புறம் சுவரோரத்திலிருந்து எதிர்க்கட்சியின் குரல் கிளம்பியது. "சரியாத்தான் கேக்குது அந்தம்மா! உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான், ஓட்டுப் போட்டவன் கண்ணீர் குடிப்பான்!"

கூடமே சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. பேராசிரியையும் சிரித்துவிட்டு, உப்புக்கும் ஓட்டுக்கும் ஏதோ ஒரு முடிச்சுப் போட்டு ஐந்து நிமிஷம் பதில் சொன்னார். மைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் கீழே விழுந்துவிடுவது மைக்கா அவரா என்று தெரியவில்லை.

பேத்தியம்மா திரும்பிப் பார்த்தார். மைக்காரர் ஆசைப்பட்ட மாதிரியே திரும்பிப் பார்த்தார்.

"உப்பு, வாசல்ல ஒட்டியிருக்கிற நோட்டீஸ்ல இருந்த தலைப்பு இல்ல? இவங்க யாரு?" என்று செயலாளரிடம் கேட்டார்.

"நம்ம மைக்காரர்... அவரோட வீட்டம்மா."

"ஓ."

நீலச் சட்டைகள் எட்டும் ஒரே வரிசையில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தன. "அவங்க?"

"இந்தம்மாகூட வேலை பாக்கறவங்க."

"ஓ."

இரண்டே இரண்டு 'ஓ'. டீ குடித்தார், பேராசிரியைக்கு நன்றி சொன்னார், மைக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், காரில் ஏறிப் போனார்.

அன்று ராத்திரி மைக்காரர் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. நாற்காலிகளை அடுக்கினார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது வழக்கமாக ஒரு சத்தம் வரும். அன்று ஒரு நாற்காலியைக்கூடச் சத்தம் வராமல் அடுக்கினார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. சொற்பொழிவுகள் நிறுத்தப்படுகின்றன. ஒரு மாதத்துக்குள் அறைகளைக் காலி செய்து கொடுக்கவும். நீண்ட நாள் உழைப்புக்கு நன்றி.

அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"முப்பத்திரண்டு பேரு நெஜமா வந்தவங்கடி. மழையில வந்தவங்க. அவங்களையும் சேத்து நாடகம்னு நினைச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி. பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் உன்னை ஒழுங்காக் கேளுன்னேன்."

"அப்பா, அம்மா காலையில இருந்து நின்னுட்டு வந்தாங்க" என்றாள் மகள்.

"எல்லாரும்தான் நிக்கறோம்!"

தப்பு அவளுடையதுதானே. அந்த வாரம் முழுக்க உருளைக்கு முன்னால் நின்று அதையே மென்றாள். ஓட்டு என்று சொல்லவேண்டிய வாய் உப்பு என்று சொன்னது. இரண்டு அறை போயிற்று. அந்த மனுஷரின் வேலையும் போயிற்று. நெட்டை எவ்வளவோ சிரிக்கவைத்துப் பார்த்தாள். "விடுக்கா, நான்கூட ஒரு தரம் மாமியார்னு நினைச்சு விளக்குக் கம்பத்தைக் கும்பிட்டேன்." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு மதியம், மேற்பார்வையாளரிடம் அரை மணி கடன் வாங்கிக்கொண்டு, அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். இரண்டாவது மாடி. நீலச் சட்டையிலிருந்து சொட்டிய ஈரம் படியெல்லாம் புள்ளி வைத்தது. செயலாளர் கோப்புகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"உக்காரும்மா."

"நின்னே பழக்கம் அய்யா. தப்பு என்னோடது. கேள்வி கேக்க வைக்கறது அவரோட ஏற்பாடுதான், ஆனா அது ஏமாத்து இல்ல. யாராவது ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க பேசுவாங்க, அதுக்குத்தான். நான் தூங்கிட்டேன். எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. இனிமே நான் அந்தக் கூடத்துல காலே வைக்கல. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி இன்னொரு சனிக்கிழமை வரச் சொல்லுங்க. அவர் கூட்டத்தை நல்லா நடத்துவார்."

செயலாளர் டப்பாவை மூடினார். கொஞ்ச நேரம் மூடியின்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு கோப்பை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"படிக்கத் தெரியுமில்ல? தேதியப் பாரு."

கட்டடத்தை ஒரு பல் மருத்துவமனைக்குப் பத்து வருஷத்துக்கு வாடகைக்கு விட்ட ஒப்பந்தம். பேத்தியம்மாவின் கையெழுத்து. பக்கத்தில் தேதி. அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு மாதம் முந்தின தேதி.

அவள் அதை மூன்று தரம் படித்தாள்.

"சொற்பொழிவு எல்லாம் இனிமே போன்லயே பாக்கலாம். ஒரு அறை, ஒரு கேமரா போதும். உலகத்துல எங்க இருந்தாலும் இலவசம்" என்றார் செயலாளர்.

"அப்ப அந்தம்மா எதுக்கு வந்தாங்க?"

"தாத்தா பேர்ல ஒரு நினைவு மலர் போடறாங்க. கூடம் நிறைஞ்ச மாதிரி ஒரு படம் வேணும்னாங்க."

"நான் கேள்வியை ஒழுங்காக் கேட்டிருந்தா?"

"நீ கேள்வியே கேக்காம இருந்தாலும், ஊரே திரண்டு வந்து கேட்டிருந்தாலும், இதேதான். அந்தம்மா உன் கேள்வியை அப்பவே மறந்திருப்பாங்க."

"அப்ப ஏன் அய்யா அவர்கிட்ட, எல்லாம் அன்னிக்கு நடக்கறதுலதான் இருக்குன்னு சொன்னீங்க?"

செயலாளர் ஜன்னலைப் பார்த்தார். "கடைசிக் கூட்டம்னு சொன்னா மனுஷன் உடைஞ்சுபோயிருவார். ஒரு வாரமாவது நம்பிக்கையோட இருக்கட்டுமேன்னு நினைச்சேன். நம்பிக்கை குடுக்கறதுக்கு காசா பணமா?"

"ஆமாங்கய்யா. நீங்க எல்லாத்தையுமே இலவசமாத்தான் குடுக்கறீங்க" என்றாள் அவள்.

படியிறங்கும்போது முதலில் நெஞ்சு லேசானது. அதை மறைப்பானேன்? இத்தனை நாளாக முதுகில் சுமந்த மூட்டை தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் லேசாகாது? வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடவேண்டும். ஓட்டும் இல்லை, உப்பும் இல்லை, எல்லாம் முன்னாலேயே முடிந்த கதை என்று அந்த மனுஷர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடவேண்டும்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அவர் மூன்று கால் மேஜையில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கிழித்துப்போட்ட தாள்கள் காலடியில் கிடந்தன. அவளைப் பார்த்ததும், இத்தனை நாளில் முதல் முறையாக, முகம் கொஞ்சம் இளகியது.

"வா, உக்காரு. நான் யோசிச்சுப் பாத்தேன். உன்மேல மட்டும் பழி போடக் கூடாது. அந்த ஏற்பாடு என்னோடது. அந்தம்மாவுக்கு விளக்கமா எழுதறேன். எழுதிட்டா அவங்க மறுபடி நடத்துவாங்கன்னு சொல்லல. வரட்டும் வராமப் போகட்டும். ஆனா அவங்களுக்குத் தெரியணும்."

"என்ன தெரியணும்?"

"அன்னிக்கு நான் அவங்களையேதான் பாத்துட்டிருந்தேன். நீ தூங்கிட்டே, உனக்குத் தெரியாது. அந்தப் பேராசிரியை பேசப் பேச அவங்க குறிப்பெடுத்தாங்க. ஒரு பக்கம் இல்ல, மூணு பக்கம். தபால்காரரை எட்டிப் பாத்தாங்க, அவர் எழுதறதைப் பாத்துச் சிரிச்சாங்க. அவங்க மனசு நம்ம பக்கம் சாஞ்சுட்டுது. எனக்குத் தெரியாதா? எத்தனை கூட்டம் பாத்திருக்கேன்? நின்னுட்டே ஆளோட பிடரியப் பாத்துச் சொல்லிடுவேன், இவன் ஒத்துக்கிட்டான், இவன் ஒத்துக்கலைன்னு. அவங்க ஒத்துக்கிட்டாங்க. கூடம் பிழைச்சுதுன்னே நினைச்சேன். நூலிழையில போச்சு."

நூலிழை என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் போகிற அளவுக்குத்தான் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பத்தொன்பது வருஷமும் அதற்குள்தான் இருந்தது.

அந்த இடைவெளியே கிடையாது, அந்தம்மா நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதினாரோ, மலருக்கு எந்தப் படம் நன்றாக இருக்கும் என்றுகூட எழுதியிருக்கலாம், உங்களை யாரும் எடைபோட்டுப் பார்த்துத் தள்ளவில்லை, தராசையே எடுக்கவில்லை. இப்படி எல்லாம் சொல்லவேண்டும். சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"என்ன, எதாவது சொல்லணுமா?" என்றார் அவர்.

"இல்லீங்க" என்றாள். "ஆமா, நூலிழைதான். பாவி நான் தூங்கிட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டுக் கடிதத்தில் குனிந்தார். அதற்குப் பதில் வரவில்லை. வரும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

மாத முடிவில், வண்டி டயர் விற்கும் கடைக்கு மேலே ஒரே அறையில் குடியேறினார்கள். கீழே முற்றத்தில் ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். அறைக்குள் மூன்று பேர் ஒரே சமயம் நிற்கமுடியாது. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் கட்டிலில் உட்காரவேண்டும். மகள் சம்பளம் முழுசும் வாடகைக்குப் போனது. அவள் ஞாயிற்றுக்கிழமையும் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மைக்காரருக்கு வேலை கிடைக்கவில்லை. நாலு இடத்தில் கேட்டார், காலைப் பார்த்தார்கள், வயசைக் கேட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். போனில் வருகிற சொற்பொழிவை மகள் ஒரு தரம் போட்டுக் காட்டினாள். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆளையே காணோமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் சாயங்காலம் தண்ணீர் வருகிற நேரத்தில் அவர் முற்றத்துக்கு இறங்கி வந்துவிடுவார். வாளிகளோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். டயர்க்கடைக்காரர் கையைத் துடைத்தபடி வந்து நிற்பார். கூடத்தின் கதையை அவர் சொல்ல ஆரம்பிப்பார். நன்றாகத்தான் சொல்வார். எத்தனை பேச்சாளர்களைக் கேட்டவர்! எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்கவேண்டும் என்று தெரியும். மழையில் வந்த முப்பத்திரண்டு பேர், பேத்தியம்மாவின் மூன்று பக்கக் குறிப்பு, கூடம் பிழைத்துவிட்டது என்று அவர் நெஞ்சு சொன்ன அந்த நிமிஷம். வாளி நிரம்பி வழிந்தாலும் குழாயை மூட மறந்து நிற்பார்கள்.

"அந்த நேரம் பாத்து இவ தூங்கிட்டா" என்பார் கடைசியில்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். டயர்க்கடைக்காரர் நாக்கால் 'த்சொ' கொட்டுவார்.

மகளுக்கு விஷயம் தெரியும். ஒரு நாள் தாங்க முடியாமல் அம்மாவைப் பிடித்துக் கேட்டபோது அவள் சொல்லியிருந்தாள். அதிலிருந்து இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் பெண்ணுக்கு மூக்கு சிவந்துவிடும். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

"போதும்ப்பா. உண்மை என்னன்னு தெரியுமா உங்களுக்கு? உண்மை என்னன்னா..."

அம்மா வாளியைத் தொப்பென்று கீழே வைத்தாள். தண்ணீர் மகளின் காலில் தெறித்தது.

"உண்மை என்னன்னா, அன்னிக்குக் காலையில உங்கப்பா சலவைக்கூடத்து வாசல்வரைக்கும் வந்து, கூட்டத்துல தூங்கிடாதடின்னு தனியாச் சொல்லிட்டுப் போனார். நான்தான் காதுல வாங்கல. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அப்படி அவர் வரவே இல்லை. மைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, வந்திருந்தாலும் வந்திருப்போம் என்று தோன்றிவிட்டது போலிருக்கிறது. முகம் தெளிந்தது.

"பாத்தீங்களா? அவளே ஒத்துக்கறா. நான் சொல்லணும்னு இல்ல" என்றார் டயர்க்கடைக்காரரிடம்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். படியேறி மேலே போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏன்க்கா, அப்படி என்னக்கா தூக்கம்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு.

"வந்துச்சும்மா. தூக்கம்தானே, சொல்லிக்கிட்டா வருது?"

அவள் வாளியை நிரப்பிக்கொண்டு படியில் கால் வைத்தாள். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. மேலே போய் உலை வைக்கவேண்டும், மகளைச் சமாதானம் செய்யவேண்டும், கொஞ்சம் முதுகைச் சாய்க்கவேண்டும். கீழே கோடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருத்தி குடத்தோடு வந்து, "என்ன விஷயம், என்ன கூடம்?" என்று விசாரித்தாள். மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்தொன்பது வருஷம்மா..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கதை முடிய இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். தூங்கின இடம் வரும்போது, ஆமா என்று சொல்ல ஆள் வேண்டுமே. அவள் வாளியைப் படியிலேயே இறக்கிவைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.